புதிய வசதியும் பழைய பாத்தியதையும்

(திசையன்விளையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கன்னடியன் கால்வாயினின்று பிரிந்து, நம் ஊருக்கு அருகே எம்.எல். தேரி வரை வரும் வெள்ளநீர்க் கால்வாய் 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். தாமிரபரணியில் மிகுந்து வீணே கடலிற் கலக்கும் வெள்ளநீரைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். பழைய அணைக்கட்டுகளை நம்பிப் பயிரிடுவோரின் பாத்தியதைக்குக் குறைவு நேரலாகாது என்பது அதில் அடங்கிய நியாயம். கணினி மென்பொருளிலும் இதே நியாயம் உண்டு.

எவரும் படித்து, திருத்தி, பயன்படுத்த இடமளிக்கும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்பர். இணையத்தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் அவ்வகையைச் சேர்ந்தது, 2003இல் தோன்றியது. ஊர்ப் பொதுக்குளத்தைப் போல அதைப் பலர் கூடிப் பேணுகின்றனர். கைப்பேசிக்கேற்ற வசதி வேண்டும். திருடர் நுழையும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஆதலின் மாறுதல் அவசியமே. ஆனால் அம்மாறுதலால் நேற்று எழுதிய பக்கம் இன்று திறவாமற் போனால் பயன் என்ன?

தமிழர்க்கு இந்த நஷ்டம் புதிதன்று. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. ஒரு கணினியில் தட்டிய தீர்மானம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீடுகளையும், 2010இல் யூனிகோடையும் தரமாக ஏற்றது.

ஓர் எழுத்துக்கு ஒருமுறை அளித்த எண்ணை மாற்றுவதுமில்லை, நீக்குவதுமில்லை என்பது யூனிகோடின் விதி. இதனால் வளர்ச்சி தடைப்பட்டதா? இல்லை. முந்திரி முதலிய பின்னங்களுக்கும், பழைய நிலக்கணக்குகளில் வழங்கிய குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகியவற்றுக்கும் உரிய குறிகள் உட்பட 51 குறிகள் 2019இல் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. முன்னிருந்த ஓரெழுத்தும் இடம் பெயரவில்லை.

அப்படியாயின் பழையதை என்றென்றும் சுமக்க வேண்டுமா? அதுவும் தகாது. வேர்ட்பிரஸுக்கு அடிப்படையான பி.எச்.பி. மொழியின் 5.2ஆம் பதிப்புக்குத் திருத்தங்கள் வெளிவருவது 2011இல் நின்றது. வேர்ட்பிரஸோ 2019 வரை அதற்கு இடங்கொடுத்தது. பழைய தளங்கள் பிழைத்தன; ஆனால் பேணுவோர் புதிய வசதிகளைக் கையாள இயலாது வருந்தினர். 2018 டிசம்பரில் பக்கம் எழுதும் முறையையே மாற்றியபோது, பழைய முறையைத் தனி இணைப்பாக வைத்து, விரும்பியோர் தொடர வழி செய்தனர்.

1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்ததும் இவ்வாறே. ரூபாயின் மதிப்பு மாறவில்லை. நாலணா 25 நயா பைசாவாகச் சென்றது. இருவகை நாணயங்களும் சில காலம் சேர்ந்து புழங்கின. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பதால் சில்லறைச் சங்கடம் மட்டும் இருந்தது. முன்னறிவிப்பு, அவகாசம், மாற்றிக்கொள்ளும் வழி ஆகிய மூன்றும் இருப்பின் மாறுதலை மக்கள் ஏற்பர் என்பதில் ஐயமில்லை.

பஞ்சாயத்துகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமிழ்ப் பதிவுகள் யாவும் யூனிகோடில் இருக்கட்டும். விவரங்களை எந்த மென்பொருளும் படிக்கத்தக்க எளிய அட்டவணையாகவும் தரவேண்டுமென ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். புதிய பதிப்பை ஏற்றுமுன் பிரதி எடுத்து, அப்பிரதியில் சோதித்துப் பாருங்கள். பக்கங்களின் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருவோர் புதியதற்குச் செல்ல வழி வையுங்கள்.

அனைத்திலும் அவசரமானது ஒன்று. பழைய எழுத்துருவில் தட்டிய தீர்மானங்களும் உறுப்பினர் பட்டியல்களும் உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கலாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற மென்பொருள்கள் உள்ளன. மாற்றியபின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு சர்வே எண் பிறழ்ந்தாலும் வழக்கில் முடியும். அந்த எழுத்துருவும் அதை அறிந்த ஊழியரும் இருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்கி முடியுங்கள்.