மனச்சோர்வும் மருத்துவமும்

 



சில ஆண்டுகளுக்கு முன் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். 'ஹஜ்ரத், தொழுகிறேன், மனம் நிற்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு உறக்கமில்லை. பெற்ற குழந்தையைத் தூக்கினாலும் மகிழ்ச்சி வருவதில்லை' என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உங்கள் ஈமானில் பலவீனம் இருக்கிறது, திக்ரை அதிகப்படுத்துங்கள்' என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் அதிகப்படுத்தினார். நோயும் அதிகரித்தது. எட்டு மாதங்களுக்குப் பிறகு அவருடைய மாமனார் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். குணமடைந்து வந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 'அன்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, அல்லாஹ்வுக்கும் நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன், ஹஜ்ரத்' என்று மட்டும் சொன்னார். அவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதையே இன்று உங்கள் முன் சொல்கிறேன்.

ஈமான் குறைந்தவருக்குத்தான் துயரம் வருமா? மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போனதை ஸூரா யூஸுஃபின் 84ஆம் வசனம் கூறுகிறது. குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதை ஸூரா கஸஸ் கூறுகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி துஆச் செய்ததாக புகாரியில் காண்கிறோம். இவர்களின் ஈமானை எடைபோட நம்மிடம் தராசு உண்டா?

எனினும் துக்கம் வேறு, நோய் வேறு. இந்த வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஆராய்கிறார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று; காரணமே புலப்படாமல் மனிதனை அழுத்தும் துயரம் மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்பது அவர் கருத்து. இரத்தம் கெடுவதே காரணம் என்று அவர் எண்ணியதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால், 'உனக்கு என்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே!' என்று நாம் இன்றும் நோயாளியைக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியின் தவறை அவர் அன்றே அறிந்திருந்தார்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருத்தல், பிடித்தவற்றிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், காரணமற்ற குற்றவுணர்வு, தீராத களைப்பு, மரணத்தைப் பற்றிய ஓயாத எண்ணம் – இவற்றில் பல சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இது வரும். 'நாற்பதுக்குள் வந்த காற்றுக் கருப்பு' என்று சொல்லி ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். இதில் நம் பெண்கள் படும் பாடு கொஞ்சமன்று. தைராய்டு குறைவும் இதே போன்ற சோர்வைத் தருமாதலால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் செய்யக்கூடும்.

நோய் லேசாக இருப்பின், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் பேச்சுவழிச் சிகிச்சையே பலருக்குப் போதும். கடுமையானால் மாத்திரையும் வேண்டும். மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் மீது செயல்படும் இம்மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே நம்மவர் பத்தாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, 'மருந்து கேட்கவில்லை' என்கிறார்கள். வேறு சிலர் குணமானதும் உடனே நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது. குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடரவேண்டும். பிறகு மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். தூக்க மாத்திரையைப் போல் இது அடிமைப்படுத்திவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. ரமளானில் வேளையை மாற்றுவதானாலும் மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை மனநோயாளிக்கும் உரியதே.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்றார்கள் (அபூதாவூத், திர்மிதீ). மனநோயை அவர்கள் விலக்கினார்களா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் உறவில் எவரேனும் இறந்தால், துக்கத்திலிருப்போருக்குத் 'தல்பீனா' என்னும் மாவுக் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தந்து துயரத்தைச் சிறிது போக்கும் என நபியவர்களிடம் கேட்டதாக அறிவிக்கிறார்கள் (புகாரி). உள்ளத்தின் துயருக்கு உணவின் வழியே ஓர் உதவி! துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையை எண்ணிப் பாருங்கள். ஏர்வாடியில் தர்காவுக்கு அருகே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். தர்காக்கள் குறித்து நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கட்டும். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? வீட்டில் வைத்திருக்க வெட்கப்பட்ட குடும்பங்களும் அவற்றுள் உண்டல்லவா?

எவரேனும் சாக விரும்புவதாகச் சொன்னால், 'ஹராமான பேச்சு' என்று வாயை அடைக்காதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. தனியே விடாதீர்கள், மருந்துப் பெட்டியையும் பூச்சிமருந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தொழுகை முடிந்தபின் நான் மிஹ்ராபின் அருகிலேயே இருப்பேன். பேச விரும்புகிறவர் வரலாம். இம்முறை மருத்துவரிடம் நானே உடன் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.