அருவியாற்று முகத்தில் அருவிருந்து

அநுராதபுரத்தின் ஊடாக வரும் அருவியாறு, மன்னார் மாவட்டத்தில் அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. ஆவணியில் சோளகக் காற்று வீச, ஆறு மெலியும். மணற்றிட்டுகளும் சேற்றுப் பரப்புகளும் வெளிப்படும். மனிதர் வறட்சி என வருந்தும் அக்காலமே வடதிசைப் புள்ளினங்கள் வந்திறங்கத் தொடங்கும் காலமாகும்.

கொக்கும் மீன்கொத்தியும் ஆண்டு முழுவதும் அங்கு வாழ்வன. உள்ளான் இனங்களோ வடக்கே குஞ்சு பொரித்துத் திரும்புவன. முதலில் வருவன முதிர்ந்த பறவைகள். அவற்றுட் சிலவற்றின் மார்பிற் கோடைச் செந்நிறம் இன்னும் மங்கியிராது.

கருவால் மூக்கன்கள் மன்னார்ப் பகுதிக்குப் பெருங்கூட்டமாக வரும். அவற்றிடையே மிக அரிதாக ஒரு பட்டைவால் மூக்கனைக் காணலாம். சற்றே மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகும், வரிகள் பொருந்திய வாலும், வெண்பட்டையற்ற சிறகும் அதன் அடையாளங்கள்.

இவ்வினத்தின் இளம் பறவை ஒன்று 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவரை, ஏறத்தாழ 13,560 கிலோமீற்றரை, எங்கும் இறங்காது 11 நாளிற் பறந்து கடந்தது. அத்தகைய பயணத்துக்குரிய ஆற்றல், புறப்படுமுன் உடலிற் சேரும் கொழுப்பேயாகும். அக்கொழுப்பைத் தருவன சேற்றில் வாழும் புழுக்களும் சிற்றுயிர்களும்.

அரிப்புக்கு வடக்கேயுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆயினும் சரணாலய எல்லையைப் பறவை அறியாது; சேற்றையே அறியும். பயனற்ற நிலமென்று ஒரு சேற்றுத்திடலை மூடிவிட்டால், நெடுவழி வந்த அவ்விருந்தாளிக்கு மூடப்படுவது உணவுச்சாலையின் கதவேயாகும்.