மூன்று குவியல்கள்



மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடலோரத்தில், இடிந்து நிற்கும் சுவர்கள் சிலவற்றை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பிரித்தானிய ஆட்சியின் முதலாவது தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வையிடுவதற்காக எழுப்பிய மாளிகையின் எச்சங்கள் அவை. அவற்றைக் காணுந்தோறும், ஒரு தொழிலுக்கு விதிமுறைகள் எதற்கு என்னும் வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

முத்துக்குளிப்பு, மனம்போன போக்கில் நடந்த தொழிலன்று. முதலிற் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். படகுகள் கரை சேர்ந்ததும், குளிகாரர் தாம் எடுத்த சிப்பிகளைத் தாமே மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு; ஒன்று அவர்களுக்கு. ஆனால், எந்தக் குவியல் எவருக்கு என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரி. பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் வேறொருவர்! ஒரு குவியலைக் குறைத்தால் அதுவே தம் பங்காக வந்துவிடலாம் என்பதைக் குளிகாரர் அறிவர். ஆகவே, எவரும் அதட்டாமலே குவியல்கள் சமமாயின. மனித மனத்தை அறிந்தோர் வகுத்த விதி அது.

இதே கரைக்கு வேறொரு விதியும் எழுதப்பட்டது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டில், இலண்டன் கம்பனி ஒன்று முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 310,000 ரூபா. பணத்திற்குத் தவணை குறிக்கலாம். சிப்பிக்குக் குறிக்க முடியுமா? 1891க்குப் பின் 1903 வரை இக்கடலிற் சலாபமே நடக்கவில்லை என்பதை ஒப்பந்தம் எழுதியோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. கடலை அறியாது எழுதிய விதியைக் கடல் மதிக்கவில்லை.

பிறர் பிழையைக் கூறும் நான் என் பிழையையும் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலை ஒன்றிற் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தேன். மீன்பிடிப் பருவத்தில் பெற்றோருடன் வாடிக்குச் சென்ற சிறுவன் ஒருவன் நெடுநாள் வரவில்லை. இடாப்பிலிருந்து அவன் பெயரை நீக்கினேன். விதி என் பக்கம் இருந்தது. பருவம் முடிந்து திரும்பியவன், படலையருகே சற்று நேரம் நின்றான், பின்னர் போய்விட்டான். அதன்பின் அவன் வரவேயில்லை. அவ்விதி எதற்காக எழுதப்பட்டது? பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரச்செய்வதற்கல்லவா? நானோ, அதைக் கொண்டே ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டேன்.

ஆதலால் விதிகளே வேண்டாம் என்று கூறேன். விதியில்லாத இடத்தில் வலியவன் சொல்லே விதியாகும். வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் ஆசிரியருக்கும், முன்னோர் பட்டறிந்தவற்றைத் தாம் பட்டறியாமலே பெறும் வழி விதிமுறைகளே. ஆயினும், விதியைக் கைக்கொள்வோன் அதன் காரணத்தையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும். விதியை எழுதுவோனோ, எந்தக் குவியல் தன் பங்காகும் என்று அறியாத குளிகாரனைப் போல எழுத வேண்டும். அப்பொழுது குவியல்கள் சமமாக இருக்கும்.