டைட்டா இருந்தா போதுமா?

பிரேக் பேட் மாத்துறதை இப்போ நிறைய பேர் வீட்லயே பண்றீங்க. நல்ல விஷயம். இன்னைக்கு அதோட கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பத்தி மட்டும் பேசப்போறேன்: போல்ட்டைத் திரும்பப் பூட்டுறது.

முன்பக்க டிஸ்க் பிரேக்கில் காலிப்பரை ஃபோர்க்கோட பிடிச்சு வைக்கிறது பெரும்பாலும் ரெண்டே போல்ட். ஒண்ணு கழண்டு விழுந்தா, காலிப்பர் இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டு திரும்பி, சக்கரத்துல போய் சிக்கலாம். ஓடுற வண்டியில முன் சக்கரம் லாக் ஆனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

"நல்லா டைட் பண்ணியாச்சு"ன்னு சொல்றோம். ஆனா கைக்கு அளவு தெரியாது. போல்ட்டை முறுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி இம்மியளவு நீளும். அந்த இழுப்புதான் ரெண்டு பாகத்தையும் அமுக்கிப் பிடிக்குது. முறுக்கு குறைஞ்சா பாகங்கள் பக்கவாட்டுல நழுவும். அந்த அதிர்வுலயே போல்ட் தானா சுத்திக் கழலும். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்கிற ஜெர்மன் இன்ஜினியர் இதைச் சோதனையில் காட்டினார். முறுக்கு கூடினா மரை போயிடும்.

அதனாலதான் டார்க் ரென்ச். பல பைக்குகளுக்கு இது 20-லிருந்து 40 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். உங்க வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கு, அதைத்தான் வைக்கணும்.

நான் பண்ற வரிசை இது. முதல்ல மரையைத் துடைப்பேன். மேனுவல் புது போல்ட் கேட்டா, புதுசுதான். த்ரெட்லாக்கர் கேட்டிருந்தா, நீல நிறம், ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழட்ட சூடு பண்ணணும். டிஸ்க்லயும் பேட்லயும் ஒரு துளிகூடப் படக்கூடாது. பிறகு ரென்ச் 'டிக்'னு சொல்ற வரைக்கும் முறுக்குவேன். கடைசியா மஞ்சள் பெயின்ட் மார்க்கரால போல்ட் தலையிலிருந்து காலிப்பர் வரைக்கும் ஒரு கோடு. நாளைக்கு அந்தக் கோடு விலகியிருந்தா, போல்ட் நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.

பின்னாடி டிரம் பிரேக்னா, டார்க் ராடு நட்டைப் பாருங்க. அதுல ஸ்ப்ளிட் பின் இருந்தா, பழசை நிமித்திப் போடாதீங்க. புதுசு சில ரூபாய்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி லீவர் கெட்டியாகுற வரைக்கும் அழுத்துங்க.

சர்வீஸுக்கு விட்டாலும், "அண்ணா, காலிப்பர் போல்ட்டுக்கு டார்க் வச்சீங்களா?"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார். பின் சீட்ல உங்களை நம்பி ஒருத்தர் உட்கார்றாங்க இல்லையா, அவங்களுக்காகவாவது கேளுங்க.