ஆடு புலியை அடைப்பது எப்படி?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ஆடுபுலி ஆட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். கோவில் மண்டபக் கல்தரையில் அதன் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. திண்ணையில் கரித்துண்டால் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடியும் இருப்பீங்க. இன்னைக்கு நாம அதைப் பற்றித்தான் பேசப் போறோம்.

கோடுகள் சேரும் இடம் 23. புலி 3, ஆடு 15. ஆடுவது இரண்டு பேர். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. 15 ஆட்டையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை, வைத்த ஆட்டை நகர்த்தவும் கூடாது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். பார்த்தால் ஆடு தோற்கத்தான் போகுது என்று தோன்றும். ஆனாலும் நிதானமாக ஆடினால் மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்துவிடலாம். எப்படி?

புலி குதிக்க வேண்டுமானால் ஆட்டுக்கு நேர் பின்னால் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னொரு ஆடு நின்றால் குதிக்க முடியாது. மூலையில் நிற்கும் ஆட்டையும் தாண்ட முடியாது. அதனால்தான் ஆட்டம் தெரிந்தவர்கள் முதலில் மூலையில் வைத்து, பிறகு ஒன்றுக்குப் பின் ஒன்றாக நெருக்கி வைப்பார்கள்.

நம்ம ஊர் கந்துவட்டியும் இப்படித்தான். 10 வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய். வருஷத்துக்கு வட்டி மட்டும் 12,000. அசல் அப்படியே நிற்கும். குழுவில் 1 வட்டிக்கு வாங்கினால் அதே பணத்துக்கு வருஷம் 1,200 ரூபாய்தான். இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் போகிறோம்? ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட பீஸ் என்று திடீரென்று வரும் கஷ்டத்தைக் குழுவில் சொல்லக் கூச்சம். "நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமே" என்ற நினைப்பு. அந்தக் கூச்சம்தான் புலி குதிக்கிற காலி இடம்.

அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மிரட்டினால் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒரு பெண் தனியாகக் காவல் நிலையப் படி ஏறுவதும், குழுவே கூட வருவதும் ஒன்றாகுமா?

அடுத்த கூட்டத்திலேயே அவசரக் கடனுக்கென்று கொஞ்சம் தொகை ஒதுக்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு கூட்டம் வராத உறுப்பினர் வீட்டுக்கு ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் போய் விசாரியுங்கள். அபராதம் கேட்க அல்ல, என்ன கஷ்டம் என்று கேட்க.

வீட்டில் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். எல்லாப் பிள்ளையும் புலியாக ஆடத்தான் ஆசைப்படும். ஆடாக ஆடி ஜெயிக்கவும் பழகட்டும்.