இடித்துரைப்பாரை இழந்த குடியரசு

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

  

‘எவர் ஆண்டால் நமக்கென்ன? எல்லாரும் பொய்யர்களே!’ என்னும் சொல்லைத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் நாள்தோறும் கேட்கின்றோம். இதனை அரசியலறிவின் முதிர்ச்சி என்று எண்ணிப் பெருமிதம் கொள்வாரும் உளர். இது முதிர்ச்சியன்று; அயர்ச்சி. ஏமாந்து ஏமாந்து சலித்த உள்ளம் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் இது. தாழிட்ட வீட்டிற்குள் கள்வன் நுழையான் என்பர். ஆனால், அரசியலில் மக்கள் தாழிட்டுக்கொண்டால் களவு எளிதாகின்றது.

இந்நோய் எவ்வாறு பிறக்கின்றது, இதற்கு மருந்து யாது என்பதை ஒரு நாட்டின் வரலாற்றை வைத்துக் காட்ட விழைகின்றேன். அந்நாடு அமெரிக்க ஒன்றிய நாடுகள். மக்களாட்சியைத் தன் பெருமையாகப் பறைசாற்றிக்கொண்ட அந்நாட்டிலேயே, மக்கள் ஆட்சியிலிருந்து விலகி நின்ற கதை நமக்கும் பாடமாகும்.

1960ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், அந்நாட்டில் அகவை நிரம்பியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பேர் ஒப்போலை (வாக்கு) அளித்தனர். 1988இல் அது ஏறத்தாழ 50ஆகச் சுருங்கியது. இருவருள் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்! 1971இல் ஒப்போலை அகவை 18ஆகக் குறைக்கப்பட்டதும் இதற்கு ஒரு கரணியம் என்பர், உண்மையே. ஆனால், அதனினும் ஆழமான கரணியம் ஒன்றுண்டு. அது பொய்.

1964ஆம் ஆண்டுத் தேர்தற் பரப்புரையில் குடியரசுத் தலைவர் லிண்டன் சான்சன், ஆசிய இளைஞர் செய்யவேண்டிய போருக்கு அமெரிக்க இளைஞரை அனுப்போம் என்று உரைத்தார்; பெருவெற்றி பெற்றார். அடுத்த ஆண்டே தரைப்படை வியத்நாமில் இறங்கியது. 1968இல் அங்கிருந்த அமெரிக்கப் படைஞர் ஐந்து இலக்கத்திற்கும் மேல். போர் முடிவதற்குள் மாண்ட அமெரிக்கர் 58,000க்கும் மேற்பட்டோர். வியத்நாம் மக்களின் சாவோ அதனினும் பன்மடங்கு. ஆட்சியாளர் உள்ளே அறிந்ததொன்று, வெளியே உரைத்ததொன்று என்பது, 1971இல் போர்த்துறையின் மறைவுப் பதிவுகள் செய்தித்தாளில் வெளியானபோது வெட்ட வெளிச்சமாயிற்று.

அடுத்து வந்தது வாட்டர்கேட் இழிவு. நிக்சனின் ஆட்சி ஒரு களவை மறைக்கப் பொய்மேற் பொய்யாக அடுக்கியது. 1973இல் அவர்தம் செய்தித் தொடர்பாளர், தாம் முன்னர்க் கூறியவையெல்லாம் இனிச் ‘செயலற்றவை’ என்று அறிவித்தார். ‘பொய் சொன்னோம்’ என்று சொல்ல நாவெழவில்லை. ஆதலால் அதற்கொரு புதுச்சொல் படைத்தனர்! சொல் கறைபட்டால் ஆட்சி கறைபட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1974 ஆகத்து 9ஆம் நாள் நிக்சன் பொறுப்பைத் துறந்தார். 1964இல் நால்வருள் மூவர் அரசை நம்பினர். 1980இலோ நால்வருள் ஒருவரே நம்பினார்.

இந்த வெறுமைக்கு நடுவே எழுந்தவர் சிம்மி கார்ட்டர். ‘உங்களிடம் ஒருகாலும் பொய் உரையேன்’ என்பதே 1976இல் அவர் தந்த உறுதிமொழி. தலைநகர் அரசியலுக்குப் புதியவரான அவரை மக்கள் தலைவராக்கினர். வாய்மைக்கு எத்துணைப் பசி இருந்தது, பார்த்தீர்களா!

1979இல் ஈரானியப் புரட்சியை அடுத்து எரியெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. எரியெண்ணெய் நிலையங்களில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. கார்ட்டர் தாம் பேசவிருந்த உரையை நிறுத்திவிட்டு, மலைமேலுள்ள ஓய்வு மாளிகையில் ஏறத்தாழப் பத்து நாள் தங்கிப் பலதுறையாரையும் பொதுமக்களையும் அழைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார். சூலை 15ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றினார். தம்மைக் குறைகூறியோர் சொற்களையே முதலில் படித்துக் காட்டினார். பின்னர், நாட்டின் நெருக்கடி எரியெண்ணெயில் மட்டும் இல்லை, நம்பிக்கையில் உள்ளது, பொருளைக் குவிப்பதால் வாழ்வின் வெறுமை நிரம்பாது, நுகர்வைக் குறையுங்கள் என்று மக்களிடமே இடித்துரைத்தார்.

மக்கள் சினந்தனரோ? இல்லை! மடல்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன, பெரும்பாலானவை பாராட்டே. அவருக்கிருந்த மதிப்பு ஒரே வீச்சில் 11 விழுக்காடு உயர்ந்தது. கசப்பான உண்மையை மக்கள் தாங்கார் என்பது அரசியலாரின் கட்டுக்கதை என்பதற்கு இந்நிகழ்ச்சி என்றும் சான்றாகும்.

ஆனால், அடுத்து நடந்தது என்ன? இரண்டே நாளில் அமைச்சர் அனைவரிடமும் விலகல் மடல் கேட்டார், ஐவர் வெளியேறினர். ஆட்சியே ஆட்டங்கண்டது என்று நாடு மருண்டது. பெற்ற மதிப்பு கரைந்தது. விலையேற்றமும், ஈரானில் அமெரிக்கர் சிறைப்பட்ட நிகழ்ச்சியும் சேர்ந்துகொண்டன. 1980இல் இரீகன் 44 மாநிலங்களில் வென்றார். வாய்மையை அடுத்துச் செயலுறுதி வரவில்லையாயின், அவ்வாய்மையும் வலுவிழக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, மக்களின் பிழைக்கு வருவோம். 1984இல் எதிர்க்கட்சி வேட்பாளர் வால்ட்டர் மாண்டேல், ‘யார் வந்தாலும் வரி உயரும், இரீகன் அதனைச் சொல்லமாட்டார், நான் சொல்லிவிட்டேன்’ என்னும் பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். நாட்டின் கடன் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வரியை உயர்த்துவதற்கே ‘வருவாய்ப் பெருக்கம்’ என்று ஆட்சியாளர் பூச்சுப் பெயர் சூட்டியிருந்த காலமும் அதுவே. மாண்டேல் 50 மாநிலங்களுள் 49இல் தோற்றார்! இரீகனின் எட்டாண்டு ஆட்சியில் நாட்டுக் கடன் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. 1988இல் அடுத்த வேட்பாளர் புசு பாடம் கற்றுக்கொண்டார். புதுவரி இல்லவே இல்லை என்று முழங்கி வென்றார். 1990இல் வரியை உயர்த்த ஒப்பினார். 1992இல் மக்கள் அவரை வீழ்த்தினர்.

தோழர்களே! இங்குக் குற்றவாளி யார்? மெய் சொன்னவனை 49 மாநிலங்களில் தோற்கடித்த மக்கள், அடுத்து வந்தவனுக்கு என்ன கற்பித்தனர்? ‘பொய் சொல், வெல்வாய்’ என்றன்றோ கற்பித்தனர்? பின்னர் ‘எல்லாரும் பொய்யர்’ என்று சலித்துக்கொள்வதில் என்ன நயன்மை இருக்கின்றது?

திருவள்ளுவப் பெருந்தகை ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரத்தில், இடித்துரைக்கும் துணையற்ற மன்னன் பகைவர் எவரும் இல்லாமலே அழிவான் என்னும் கருத்தை வைத்தார். இதனை மன்னர்க்குச் சொன்னதாகவே படித்து வருகின்றோம். குடியரசில் மன்னன் யார்? மக்களல்லரோ மன்னர்! அவ்வாறாயின், அந்த அறவுரை இன்று நமக்குரியது. நம்மை இடித்துரைக்கும் தலைவனைத் துரத்திவிட்டுப் புகழ்மொழி பேசுவோனைத் தோள்மேல் தூக்கும் மக்கள், தம்மைத் தாமே கெடுத்துக்கொள்ளும் மன்னர் ஆவர்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். வாய்மைக்குப் பசி மிகுந்த காலத்தில் போலி வாய்மையும் விலைபோகும். வாயில் வந்ததைப் பேசுவோனை ‘மனத்தில் பட்டதை மறைக்காதவன்’ என்று போற்றுகின்றோம். வன்சொல் வேறு; வாய்மை வேறு. தீமை பயவாத சொல்லையே வாய்மை என்று வள்ளுவர் வரையறுத்தார். பிறரைத் தூற்றுதற்குத் துணிவு வேண்டா. தன் கட்சியாரிடமும் தனக்கு ஒப்போலை அளிப்பாரிடமும் உண்மை சொல்வதற்கே துணிவு வேண்டும்.

ஆகவே, மேடையில் ஒருவர் பேசுங்கால் மூன்றைக் கேளுங்கள். அவர் சொல்லும் உண்மை அவருக்கே இழப்புத் தரத்தக்கதா? குற்றத்தில் தம் பங்கையும் ஒப்புக்கொள்கின்றாரா? நாளை என்ன செய்வார் என்பதை அளந்து பார்க்கத்தக்க வகையில் உரைக்கின்றாரா? மூன்றும் உண்டெனில், அவர் கருத்து உமக்கு முற்றும் ஒவ்வாவிடினும் அவரை மதியுங்கள். தோற்றாலும் அவரைத் தனியே விடாதீர்கள்.

அமெரிக்காவில் 1992இல் நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். கட்சி எதனையும் சாராத இராசு பெரோ என்னும் வணிகர், நாட்டுக் கடனைப் பற்றிய வரைபடங்களைத் தொலைக்காட்சியில் காட்டி அரைமணி நேரம் கணக்குச் சொன்னார். பாட்டில்லை, கூத்தில்லை, வெறுங் கணக்கே! அவர் வெல்லவில்லை. ஆயினும், நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் அவருக்கு ஒப்போலை அளித்தனர். அத்தேர்தலில், வீட்டில் இருந்துவிட்டவர்களுள் பலர் மீண்டும் வெளியே வந்தனர்; 50ஆய் இருந்தது 55ஆயிற்று. அதற்கு அவரொருவரே கரணியம் என்று சொல்லேன். ஆனால், கணக்கைக் காட்டினாலும் கேட்க மக்கள் உளர் என்பது உறுதியாயிற்று.

அயர்ந்து கிடக்கும் மக்களை எழுப்ப ஆரவாரம் வேண்டா, உண்மை போதும். அவ்வுண்மையைச் சொல்லும் நா ஒன்று வேண்டும். அதனைத் தாங்கும் செவி ஆயிரம் வேண்டும். நாவைத் தேடி நாற்றிசையும் நோக்கும் நாம், முதலில் அச்செவிகளாவோம்!

வாழ்க வாய்மை!