அவரவர் குரல்



நம்ம பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவருக்கான வானொலி. கடல் நிலவரத்தை "நம்மாளு சொல்றாரு"ன்னா படகுக்காரர் காது கொடுக்கிறார்.

திருநங்கையர் விஷயமும் இதுதான். சினிமா அவர்களைக் கேலிப்பொருளாக்கியது. 2008-இல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் தாமே நடத்தினார். 2014-இல் கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். பால்புதுமையினரைக் குறிக்கும் கண்ணியமான சொற்களை 2022-இல் தமிழக அரசு அரசிதழிலேயே வெளியிட்டது.

இந்த அரங்கிலும் சொல்லத் தயங்கும் தம்பி, தங்கை இருக்கலாம். கண்ணுகளா, பாட்காஸ்டுக்கு ஒரு கைபேசி போதும். முகம் காட்ட வேண்டாம், பேரும் வேண்டாம். தோணுறப்போ பேசுங்க. கேட்க நாங்க இருக்கோம்.